மேல் கட்டத்தில் துடைப்பம்

உங்கள் மெஷினில் திரையின் ஓரமாக ஒரு பட்டை நிற்கிறதே, கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஒரு படமாக, அதை அடுக்கியது யார்? டிசைன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பேசக் கூப்பிட்டால் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். "நான் வரும்போதே அப்படித்தாங்க இருந்துச்சு" என்பார்கள். அங்கேயே எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிடும். வேலையை விட்டு வந்து வருடங்கள் ஆகியும் இந்தக் கோபம் என்னை விடவில்லை. அதனால் நான் இனிக்க இனிக்கப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. அதற்காக நான் யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை. ஆரணியில் கட்டம் போட்ட தாளில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டவர்களில் என் கை எப்படிப்பட்டது என்று தறிக்காரர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நானே சொன்னால் நன்றாக இருக்காது. ஆனால் கேளுங்கள்.

முதலாளி மாடியில் கம்ப்யூட்டர் வைத்தபோது, எனக்கு அது வராது, மறுபடி தாளுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று கீழே பேசிக்கொண்டார்கள். மெஷினை மாட்டிக் கொடுக்க பெங்களூரிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மேலே நீளநீளமாகத் தொங்கும் இங்கிலீஷ் பட்டியல்களைக் காட்டினார். எனக்கு எறும்பு ஊர்வது போல இருந்தது. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மா, இதுல உங்களுக்கு எது எது வேணுமோ அத மட்டும் இழுத்து இங்க வெச்சுக்கோங்க. பேரு வேண்டாம், நீங்களே படம் போடலாம்" என்றார். அந்த மனிதர் பெயரை நான் கேட்டுவைக்கவில்லை. அவர் காட்டிய அந்த ஒரு வழியில்தான் நான் ஓய்வு பெறும் வரை சோறு தின்றேன்.

அன்றைக்கே என் பட்டையை நான் அடுக்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. எதை முதலில் செய்கிறேன், எதை அடுத்து செய்கிறேன், எங்கே கை தவறினால் என்ன கெடும் என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். ஒரு பக்கத்தைத் திருப்பி மறுபக்கம் போடுவதற்கு எதிரெதிரே இரண்டு கிளி. ஒரே பூவைத் திரும்பத் திரும்ப வைக்க மூன்று மாங்காய். வேலையைச் சேமிக்க ஒரு பூட்டு. பூட்டு எப்போதும் மேல் கட்டத்தில். கையைத் தூக்கிப் போட்டால் அதில்தான் விழ வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஒரு கண். தறியில் மாட்டுகிற ஓட்டை அட்டை குத்த அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கண்ணைத் தொட்டால், எங்கெல்லாம் சரிகை பிடிப்பில்லாமல் நீளமாக ஓடுகிறதோ அங்கெல்லாம் சிவப்பாகக் காட்டும்.

இன்னொரு கட்டளை உண்டு. பழைய தாள் டிசைனை ஸ்கேன் பண்ணினால் கூடவே தூசியும் கறையும் வந்து ஒற்றைப் புள்ளிகளாக விழும். அதை எல்லாம் ஒரே தொடலில் துடைத்துவிடும். அதற்கும் ஒரு துடைப்பம் படம் வரைந்தேன். ஆனால் பட்டையில் வைக்கவில்லை. மூன்றாவது பட்டியலுக்குள் போய், அடிவரைக்கும் இறங்கித்தான் எடுக்க வேண்டும். ஏன் என்று உங்களுக்கே தெரியும். பெரிய பூவின் மேல் சரிகை ஓடும்போது அதை நடுநடுவே அழுத்திப் பிடிக்க நாம் வைக்கும் கட்டுப் புள்ளியும் ஒற்றைப் புள்ளிதான். துடைப்பத்துக்குத் தூசி எது, கட்டு எது என்று தெரியாது. கட்டு வைத்த பிறகு அதைத் தொட்டால் அத்தனையும் போகும். போனது திரையில் தெரியவும் தெரியாது. பூ முன்பைவிடப் பளிச்சென்று அழகாகத்தான் இருக்கும்.

எனக்கு அடுத்து மெஷினில் உட்காருகிறவள் ஜான்சி. பி.காம் படித்த பெண். சர்ச் தெருவிலிருந்து சைக்கிளில் வருவாள். இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளும் என் பட்டையில்தான் வேலை செய்தாள். "படிச்சிகினு இருக்கறத விட இது ஜல்தியா ஆவுதுக்கா" என்பாள்.

இப்படி இருக்கும்போது முதலாளியின் மைத்துனர் மேனேஜராக வந்தார். கெட்டவர் இல்லை. சென்னையில் ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். வந்ததும் எதையாவது செய்து காட்ட வேண்டும், அக்கா வீட்டுச் சோறு தின்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த அவசரம் அவருக்கு. சில நாட்கள் எங்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தக் கட்டளையை எத்தனை முறை தொடுகிறோம் என்று எண்ணினார். எண்ணட்டும், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் காலையில் போய் உட்கார்கிறேன், என் பட்டையைக் காணோம். கிளி இல்லை, மாங்காய் இல்லை. சின்னச் சின்ன இங்கிலீஷ் எழுத்தாக ஒரு புதுப் பட்டை நிற்கிறது. யார் வீட்டிலோ நுழைந்துவிட்டது போல ஆகிவிட்டது எனக்கு.

மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அதிகமாகத் தொடுவதை மேலே வைத்தேன், குறைவாகத் தொடுவதைக் கீழே வைத்தேன், தொடாததைத் தூக்கிவிட்டேன், இனி எல்லோருக்கும் ஒரே பட்டை என்றார். அவர் கணக்கில் பொய் இல்லை. அந்த மாதம் முழுக்க பழைய தாள்களை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் விட அதிகமாகத் தொட்டது துடைப்பம்தான். அதனால் அதை மேல் கட்டத்தில் வைத்திருந்தார். பூட்டு இரண்டாவதாக இறங்கிவிட்டது. கண்ணை ஒரு டிசைனுக்கு ஒரே ஒரு தடவைதான் தொடுவோம். அது பட்டையிலேயே இல்லை.

இது எப்படி உருப்படும் என்று கேட்டேன்.

"அக்கா, இது ஆபீஸ் மிஷினு. உங்க வூட்டு அஞ்சறைப் பெட்டி இல்ல" என்றார்.

"அஞ்சறைப் பெட்டியிலகூட மொளகாத்தூளுக்குப் பக்கத்துல கொழந்தைக்குக் குடுக்கற ஓமத்த வெக்க மாட்டோம் தம்பி" என்றேன்.

ஜான்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. பழக வேண்டும், இல்லையென்றால் கீழே தாள் மேசை காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எழுந்து கீழே போய்விட்டேன். படிக்கத் தெரியாத பட்டையில் கை வைத்து எதையாவது கெடுப்பதைவிட அது மேல்.

அப்போது மெஷினில் இருந்தது ஒரு முகூர்த்தச் சேலை. அகலமான சரிகை பார்டர், முந்தி முழுக்கப் பெரிய பெரிய தாமரை. முந்தின நாளே கட்டுப் புள்ளி எல்லாம் நான் வைத்து முடித்துவிட்டேன். ஓரத்தில் நிறம் கொஞ்சம் மாற்ற வேண்டும், சேமித்து அட்டைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. தேவிகாபுரத்தில் ஏகாம்பரம் என்ற தறிக்காரர் தறியில் பாவு நூல் ஏற்றி வைத்துவிட்டு அட்டைக்காகக் காத்திருந்தார். ஜல்தி, ஜல்தி என்று மேனேஜர் நின்ற நிலையில் நின்றார்.

ஜான்சி நிறத்தை மாற்றினாள். சேமிக்கக் கையைத் தூக்கி மேல் கட்டத்தில் போட்டாள். அங்கே இருந்தது துடைப்பம். மூடும்போது மெஷின் கேட்டது, மாற்றியதை வைத்துக்கொள்ளவா என்று. ஆமாம் என்றாள். அட்டை குத்தி, கோத்து, அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். ஜான்சிக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியும். ஆனால் பழகின வேலையில் யாரும் படிப்பதில்லை. நானும் படிப்பதில்லை, நீங்களும் படிப்பதில்லை. கண் வேலையின் மேல் இருக்கும், கை தன் இடத்துக்குத் தானாகப் போகும். இன்னொருவர் கை பழகின இடத்தைச் சொல்லாமல் மாற்றுகிறவன், நடக்கிறவன் காலடியில் படியை உருவுகிறவன். எத்தனை எண்ணி வைத்துக்கொண்டு உருவினாலும் உருவினது உருவினதுதான்.

சில நாள் கழித்து ஏகாம்பரம் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். மாடிக்கு ஏறாமல் படியருகே துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். முந்தியில் தாமரை மேல் சரிகை பிடிக்காமல் தொங்குகிறது, நகம் பட்டாலே தூக்கிக்கொள்கிறது, ஒரு ஜாண் நெய்து நிறுத்திவிட்டேன் என்றார். முதலாளி உடனே வண்டியை எடுக்கச் சொன்னார், என்னையும் கூட வரச் சொன்னார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் பக்கத்தில் வந்தார். அதற்குள் அவர் மாடிக்கு ஓடிப்போய் மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் பேசியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்பு நம்ம பக்கம்னு ஆனா ஜான்சி சீட்டுதான் கிழியும். அவதான் கை வெச்சா. யோசிச்சு பேசுங்கக்கா."

வழி முழுக்க அதையேதான் யோசித்தேன். ஜான்சி சம்பளத்தில்தான் அவள் வீடு நடந்தது.

ஏகாம்பரத்தின் வீட்டில் தறி நடு அறையில் இருந்தது. அவர் மனைவி துணியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். அவ்வளவு நல்ல சரிகை, வைக்கோல் மாதிரி அவிழ்ந்து கிடந்தது. முதலாளி குனிந்து சரிகையை விரலால் தொட்டுப் பார்த்தார். மேனேஜர் தறிக்கு மேலே கட்டியிருந்த, அட்டை ஓட்டையைப் பார்த்துக் கொக்கியால் இழையைத் தூக்குகிற ஜக்கார்டு பெட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"பெட்டி தேஞ்சிருக்குது மாமா" என்றார். "கொக்கி சரியா எடுக்கல. டிசைன்ல ஒண்ணும் இல்ல."

இது சாதாரணப் பேச்சு இல்லை. ஒரு தறிக்காரனைப் பற்றி, பெட்டி தேய்ந்துவிட்டது, அவனும் கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும். சரிகை வேலை எதையும் அவன் தறிக்கு யாரும் தர மாட்டார்கள். ஏறியிருக்கும் பாவு நூலையும் அறுத்து வேறு தறிக்குக் கொண்டுபோவார்கள். அவன் அதன் பிறகு ஓரம் வைத்த சாதாரணச் சேலை நெய்யலாம், அல்லது விசைத்தறிக்குக் கூலிக்குப் போகலாம். வீட்டோடு தறி வைத்திருக்கும் மனிதனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. மேனேஜருக்கு இதுவும் தெரியும்.

முதலாளி ஏகாம்பரத்தைப் பார்த்து, பெட்டியைக் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தாய் என்று கேட்டார்.

"அட்ட வர்றதுக்கு முன்னாடிதாங்க. எல்லாக் கொக்கியும் கையால தூக்கிப் பாத்தேன்" என்றார் அவர். குரல் எழும்பவில்லை. முதலாளியின் மைத்துனரே சொன்ன பிறகு, அது பொய் என்று அவர் எப்படி நேராகச் சொல்வார்? அவர் மனைவி மட்டும் என்னையே பார்த்தாள். டிசைன் போடுகிற பொம்பளை என்று அவளுக்குத் தெரியும்.

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு இரண்டு வழிதான் இருப்பது போலத் தெரியும். வாயை மூடினால் ஏகாம்பரம் போவார், திறந்தால் ஜான்சி போவாள். இப்படி இரண்டே வழியை எவனாவது உங்கள் முன்னால் வைத்தால், அதை வைத்தவன் யார் என்று முதலில் பாருங்கள். எனக்கு அந்த இடத்தில் வந்த கோபம் அந்தத் தொங்கும் சரிகையைப் பார்த்து வந்ததல்ல. அவர் என்னை யோசிக்கச் சொன்னாரே, அதை நினைத்து வந்தது.

ஏகாம்பரத்திடம் அட்டைகளைக் கீழே இறக்கச் சொன்னேன். தாமரை வருகிற இடத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பூ ஓடுகிற இடம் முழுக்க மொட்டை. ஒரு கட்டு ஓட்டைகூட இல்லை.

"மொதலாளி, இங்க வந்து பாருங்க" என்றேன். "பெட்டி தேஞ்சா கொக்கி எடுக்காது, நெசந்தான். எடுக்கச் சொல்லி ஓட்டையே இல்லாத எடத்துல, கொக்கி மேல இன்னா பழி?"

முதலாளி ஜன்னலோரம் வந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். நான் வைத்த புள்ளி எங்கே போயிற்று, யார் அழித்தது என்று கேட்டார்.

"மேல் கட்டத்துல பூட்டு இருந்துச்சு. அத எறக்கிட்டு அழிக்கறத அங்க ஏத்தினது யாருன்னு மொதல்ல கேளுங்க. அட்டைக்குப் போறதுக்கு முன்னாடி பாக்கற கண்ண புடுங்கிப் போட்டது யாருன்னு கேளுங்க. கை யாருதுன்னு கடைசியா கேக்கலாம். அந்தக் கை என்னுதா இருந்தாலும் அங்கதான் போயிருக்கும்."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். ஜான்சி பெயரை அவர் கடைசி வரை கேட்கவே இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

ஏகாம்பரம் குரலை எடுத்துப் பேசியது அப்போதுதான். எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அதை எதிர்பார்த்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாலு வரி நெய்ஞ்சதுமே இது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சிதுக்கா. கம்ப்யூட்டர்ல போட்டது, அதுல தப்பு வராதுன்னு ஒரு ஜாண் நெய்ஞ்சேன். இனிமே நிறுத்திட்டுதான் கேப்பேன். நீங்க யாரா இருந்தாலும்."

கோபமாகத்தான் சொன்னார். சரியாகச் சொன்னார். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று வாங்கிக்கொண்டேன். நீங்கள் திரையின் ஓரத்தில் எதை எங்கே நகர்த்தினாலும் அது போய் விழுகிற இடம் இப்படி ஒருவர் வீட்டு நடு அறை. ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு இதை மறந்துவிடுகிறீர்கள். அடிக்கடி தொடுவது வேறு, அவசியமானது வேறு. டிசைனுக்கு ஒரு தடவை தொடும் அந்தக் கண் கட்டத்தில் இருந்திருந்தால், இத்தனை பேஜாரும் மாடியிலேயே முடிந்திருக்கும்.

கெட்ட துணியை அறுத்து எடுத்துவிட்டுப் புது அட்டை போடுவது என்று முடிவானது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டுப் புள்ளி எல்லாவற்றையும் நான்தான் மறுபடி வைக்க வேண்டும், அதுவும் ஒரே நாளில்.

ஆபீசுக்குத் திரும்பினால், ஏகாம்பரம் பெட்டி தேய்ந்துவிட்டதாமே என்று கீழே கடையில் இருந்தவர்கள் என்னையே கேட்டார்கள். மெஷினில் உட்காரவில்லை. முதலாளியிடம் போய் நின்று சொன்னேன். என் பட்டை எனக்குத் திரும்ப வேண்டும், அது ஒன்று. அதைவிட முக்கியம் இன்னொன்று. வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே உங்கள் மைத்துனர் கீழே கடையில் இரண்டு பேரிடம் பெட்டி தேய்ந்த கதையைச் சொல்லிவிட்டார். இந்நேரம் அது தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறியிருக்கும். ஏகாம்பரம் வீட்டுக்குள் நான் சொன்ன நிஜம் அந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. புது அட்டையை உங்கள் மைத்துனரே தூக்கிக்கொண்டு போகட்டும். கார் வேண்டாம். பஸ்ஸில் போய் இறங்கித் தெரு வழியாக நடக்கட்டும். நானும் கூட வருகிறேன் என்றேன்.

முதலாளி மைத்துனரைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டில் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அவருக்கு. பிறகு, "மாப்ள, போய்ட்டு வா" என்றார்.

அன்று மிச்சம் இருந்த பொழுது முழுக்க ஜான்சி என் பக்கத்தில் உட்கார்ந்து தப்புப் பார்த்தாள். அழுதாளே தவிர எழுந்து போகவில்லை. திரும்பி வந்த என் பட்டையில் கடைசியாகக் கண்ணைத் தொட்டோம். எங்கும் சிவப்பு இல்லை.

மறுநாள் காலை தேவிகாபுரத்தில் இறங்கினோம். அட்டை மூட்டை கனம். வேட்டித் துணியில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்து நீட்டியிருந்தார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஆட்கள். எல்லோரும் வேலையை விடாமல் எங்களைப் பார்த்தார்கள். பாவின் ஓரத்தில் நின்ற ஒரு பெரியவர், கையில் இழையைப் பிடித்தபடியே கேட்டார்: "இன்னா சார், ஏகாம்பரம் பெட்டி தேஞ்சி பூட்ச்சாமே? புதுசு மாட்டப் போறீங்களா?"

மேனேஜர் ஏகாம்பரத்தின் வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "இல்லிங்க. அட்டதான் தப்பு" என்றார்.

அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தம்பி, பாவோட அந்த முனையில நிக்கறாங்களே, அவங்களுக்கும் பஸ்ஸுல வந்துச்சி அந்தப் பேச்சு" என்றேன். "அவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். தலையை நிமிர்த்தினார். "அவரு பெட்டி சரியாத்தான் இருக்குது. நாங்க போட்ட அட்டதான் தப்பு" என்றார், அந்த முனை வரைக்கும் கேட்கும்படி.